செவலை: ஒரு திராட்சைத் தோட்டத்தின் துணைவன்

பயிர்க் கடனுக்கு மனுச் செய்யும் அங்கத்தினரிடம் சங்கம் கேட்கும் விவரங்கள் பல. நிலம் எத்தனை ஏக்கர், கிணறு உண்டா, மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி, கறவை மாடு எத்தனை என்றெல்லாம் கேட்டு, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நமது அலுவல். வாசலில் படுத்திருக்கும் நாயைப் பற்றிக் கேட்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. அதற்குச் சந்தை மதிப்பில்லை. அதை ஈடாக வைத்துக் கடன் வாங்கினாரும் இலர். ஆயினும், ஒரு நாய் மறைந்தால் ஒரு வீட்டின் நித்திய காரியங்கள் எவ்வளவு தடுமாறுகின்றன என்பதையும், அதன் மரணத்திற்குக் காரணம் தெரியாதபோது இரண்டு குடும்பங்களின் உறவே முறியும் நிலை எவ்வாறு உண்டாகிறது என்பதையும் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்தில் கண்டோம். அங்கத்தினர் அனைவருக்கும் பயன்படக்கூடிய ஒரு செய்தி அதில் அடங்கியிருப்பதால் இங்கே எழுதுகிறோம். அக்குடும்பத்தாரின் விருப்பப்படி பெயர்களையும் ஊரையும் குறிப்பிடவில்லை.

பள்ளத்தாக்கும் பந்தலும்

தேனி மாவட்டத்தின் தென்மேற்கில், மலைகளுக்கு இடையே நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே இறங்கி வந்து இப்பகுதி வயல்களை வளப்படுத்துகிறது. கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றி நெல் வயல்களுக்கு அப்பால் சென்றால், கல் தூண்களின்மேல் கம்பி வலை கட்டிப் படரவிட்ட திராட்சைப் பந்தல்கள் பச்சைக் கூரைபோல் பரந்து கிடப்பதைக் காணலாம். இங்கு விளையும் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகையைச் சேர்ந்தது. 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழ் நாட்டிற்குக் கொண்டு வந்தார் என்பர். 2023-ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நாட்டின் பிற பகுதிகளில் ஆண்டின் முதல் சில மாதங்களிலேயே திராட்சை அறுவடை பெரும்பாலும் முடிந்துவிடும். இங்கோ ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். கவாத்துச் செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதங்களில் கொத்துகள் பழுத்துவிடுகின்றன. ஆகவே இத்தோட்டக்காரருக்கு ஓய்வுக் காலம் என்று ஒன்று இல்லை. தைப் பொங்கலன்றும் மருந்தடிப்பவர் உண்டு. மகள் கலியாணத்திற்கு முதல் நாள் பெட்டி கட்டுபவரும் உண்டு.

ஒரு வீட்டின் ஒரு நாள்

நாம் குறிப்பிடும் அங்கத்தினருக்கு இரண்டு ஏக்கர் பந்தல். தாயார், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் என்று ஐவர் கொண்ட குடும்பம். வீடும் தோட்டத்திலேயே இருக்கிறது.

மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும் நாட்களில் அவர் டார்ச் விளக்குடன் கிணற்றடிக்குச் செல்வார். அவருக்குப் பத்தடி முன்னால் வரப்பில் செல்வது செவலை. கோம்பை இன நாய். கோம்பை என்னும் ஊரும் இதே பள்ளத்தாக்கில், மலையடிவாரத்தில் இருப்பதுதான். செந்நிற உடலும் கரிய முகமும் கொண்ட இவ்வின நாய்கள் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பெயர் பெற்றவை. வரப்பில் பாம்பு கிடந்தால் செவலை சட்டென்று நின்று, தொண்டைக்குள் உறுமும். அவரும் நின்றுவிடுவார். “ஒன்பது வருஷமாக என் காலை அதுதான் காப்பாற்றியது, சார்” என்று அவர் நம்மிடம் கூறினார்.

விடிந்தால் மருந்துக் கலவை வேலை. அடிச்சாம்பல் நோய்க்கு ஒரு சத போர்டோக் கலவை தெளிப்பது வழக்கம். நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குவது மனைவியின் பொறுப்பு. கலவை சரியாக இருக்கிறதா என்று அரிவாள் நுனியை அதில் நனைத்துப் பார்ப்பார். இரும்பில் செம்பு படிந்து செந்நிறம் காட்டினால், இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்ப்பார். அந்த வேளையில் செவலையைத் தொழுவத்தருகே கட்டிவிடுவார்கள். மருந்து வாடை அடங்கும் வரையில் அவிழ்ப்பதில்லை. நஞ்சு என்று தெரிந்த பொருளிடம் அவ்வளவு எச்சரிக்கையாக இருந்த குடும்பம் அது.

காலைச் சாப்பாட்டில் முதல் கவளம் செவலைக்கு. அதை வைப்பவர் பாட்டியார். பேத்தி பள்ளிக்குப் புறப்பட்டால் சாலை வரையில் அது உடன் சென்று, பேருந்து மறைந்த பிறகே திரும்பும். மாலையில் யாரும் சொல்லாமலேயே அந்த நேரத்திற்கு மீண்டும் சாலையில் நிற்கும். பழம் பழுக்கும் நாட்களில் இரவெல்லாம் பந்தலைச் சுற்றிவரும். மலையிலிருந்து இறங்கும் காட்டுப் பன்றிகள் அதன் குரலைக் கேட்டு வேறு வழி செல்லும். பக்கத்துத் தோட்டத்திற்கும் இதனால் காவல் கிடைத்து வந்தது.

அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் இவருக்கு மைத்துனர் முறை. இரு தோட்டங்களுக்கும் கிணறு ஒன்றே. நீரை நாள் முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வார்கள். மோட்டார் பழுதுபட்டால் செலவு பாதிப் பாதி. இருவரும் நமது சங்கத்தின் அங்கத்தினர்கள்.

நான்கு நாட்கள்

சென்ற ஆண்டு ஓர் அறுவடைக்கு முன் எதிர்பாராத மழை பெய்தது. பழுத்த பழம் மழை நீரில் வெடிக்கும் என்பது திராட்சை பயிரிடுவோர் அறிந்ததே. அறுவடையன்று வீட்டார் அனைவரும் பந்தலடியில் அமர்ந்து, கொத்துக் கொத்தாக எடுத்து, வெடித்ததையும் அழுகியதையும் கத்தரிக்கோலால் நீக்கிப் பெட்டிகளில் அடுக்கினார்கள். வியாபாரியின் வண்டி மாலைக்குள் வந்துவிடும். கழித்த பழம் வழக்கத்தை விட மிகுதியாகி, தொழுவத்தின் பின்புறம் முழங்கால் உயரத்திற்குக் குவிந்தது. வேலை மும்முரத்தில் அன்று செவலைக்குச் சோறு வைக்க எவருக்கும் நினைவில்லை. பசித்த நாய் அந்தக் குவியலில் வயிறு நிறையத் தின்றது. அதைச் சிறுமி பார்த்தாள், பார்த்துச் சிரித்தாள். உதிர்ந்த பழத்தை ஒன்றிரண்டாக அது பொறுக்கித் தின்பது என்றும் உள்ளதுதானே!

அன்றிரவே வாந்தி தொடங்கியது. மறுநாள் கவளத்தை முகர்ந்தும் பார்க்கவில்லை. தண்ணீரை மட்டும் ஓயாமல் குடித்தது. பாம்பு தீண்டியிருக்குமோ என்று உடலெல்லாம் தடவிப் பார்த்தார்கள். மகன் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு சென்றான். அங்கிருந்த மருத்துவ அம்மையார் வாந்தியில் கலந்திருந்த பழத் தோலைக் கண்டதும் கேட்ட முதற் கேள்வி, “எவ்வளவு திராட்சை தின்றது?” என்பதே. நரம்பில் திரவம் ஏற்றினார். “சிறுநீர் பிரிந்தால் பிழைக்கலாம், நேற்றே கொண்டு வந்திருந்தால் நம்பிக்கையாகச் சொல்லியிருப்பேன்” என்றார். மூன்றாம் நாளும் சென்றார்கள்; மீண்டும் திரவம் ஏற்றப்பட்டது. சிறுநீர் பிரியவில்லை. நான்காம் நாள் விடியற்காலையில், பாட்டியாரின் கட்டிலுக்கடியில், செவலையின் மூச்சு நின்றது.

கிணற்றடி வேப்பமரத்தின் கீழ்க் குழி தோண்டி, உப்பிட்டுப் புதைத்தார்கள். சிறுமி அன்று பள்ளிக்குச் செல்லவில்லை. சில நாட்களுக்குப் பின், மாலைப் பேருந்தைவிட்டு இறங்கியவள், சாலையோரத்தில் ஒருவரும் நிற்காததைக் கண்டு அங்கேயே அழுதாள் என்று தாயார் கூறினார். இரவில் கிணற்றடிக்குச் செல்லும் தகப்பனார் கையில் ஒரு கோலை எடுத்துக்கொண்டு, தரையைத் தட்டித் தட்டி நடக்கலானார். பாட்டியாரோ பழக்கத்தால் முதல் கவளத்தை எடுத்துவிட்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

சந்தேகம் என்னும் நஞ்சு

துயரம் இத்துடன் நின்றிருந்தால் காலம் அதை ஆற்றியிருக்கும். ஆனால் அறுவடைக்குப் பத்து நாட்களுக்கு முன் செவலை பக்கத்துத் தோட்டத்துக் கோழி ஒன்றைப் பிடித்துவிட்டது. மைத்துனர் கோபத்தில், “இந்த நாயை ஒரு நாள் என்ன செய்கிறேன் பார்” என்று உரக்கச் சொன்னதைப் பலர் கேட்டிருந்தனர். நாய் வாந்தி எடுத்துச் செத்தது என்றதும் அந்தச் சொல் அனைவருக்கும் நினைவு வந்தது. விஷம் வைத்துவிட்டார் என்று ஊர் பேசிற்று. மருத்துவர் சொன்ன காரணத்தைத் தகப்பனார் நம்பவில்லை. “நாங்கள் தின்கிறோம், குழந்தைகள் தின்கின்றன, ஆடு மாடும் தின்கின்றன. திராட்சை எப்படி நஞ்சாகும்?” என்பது அவர் வாதம். கேட்பவர் எவருக்கும் அது நியாயமாகவே பட்டது.

பேச்சு வார்த்தை நின்றது. நீர் முறையில் தகராறு எழுந்தது. மோட்டார் பழுதானபோது பாதிச் செலவைக் கொடுக்க ஒருவரும் முன்வராததால் எட்டு நாட்கள் பந்தல் காய்ந்தது. கவாத்து முடிந்து தளிர் விடும் பருவம் அது. கடன் பயன்பாட்டைச் சரிபார்க்க நாம் சென்றது அந்தச் சமயத்தில்தான். வாடிய தளிரைக் கண்டு காரணம் வினவியபோது, மோட்டாரைப் பற்றிக் கூற ஆரம்பித்தவர் செவலையின் கதையில் வந்து முடித்தார். உள்ளேயிருந்து பாட்டியார் வந்து, “தம்பி, மாடு செத்தால் ஊரே வந்து துக்கம் கேட்கும். நாய் செத்ததற்கு யார் வந்தார்கள்? நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்” என்றார்.

மருத்துவர் அளித்த விளக்கம்

மறுநாள் கால்நடை மருந்தகத்திற்குச் சென்று மருத்துவ அம்மையாரைக் கண்டோம். சங்கத்தில் அடுத்து நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேச அவர் இசைந்தார். அவருடைய பேச்சின் சாரம் இது.

நாய் திராட்சையைத் தின்றால் சிறுநீரகம் கெடலாம் என்பதை உலகம் அறிந்து நெடுங்காலம் ஆகவில்லை. அமெரிக்க நாட்டின் நஞ்சுத் தகவல் மையம் ஒன்றில் வந்து சேர்ந்த செய்திகளை ஒப்பிட்டு, அங்குள்ள கால்நடை மருத்துவர்கள் 2001-ஆம் ஆண்டில் இதனைப் பற்றி எழுதினர். ஆயினும் பழத்திலுள்ள எந்தப் பொருள் நஞ்சாகிறது என்பது ஏறக்குறைய இருபது ஆண்டுகள் புலப்படவில்லை. 2021-ஆம் ஆண்டில், திராட்சையில் இயல்பாகவே மிகுந்துள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்ற கருத்து வெளியாயிற்று. மறு ஆண்டில் வெளியான மற்றொரு கட்டுரை, புளியைத் தின்ற நாய்களுக்கும் அவ்வாறே சிறுநீரகம் கெட்டதை எடுத்துக் காட்டியது. நம் சமையலறைப் புளியின் புளிப்பும் அதே அமிலத்தினால் உண்டாவதுதான். மனிதருக்குத் தீங்கு செய்யாத இவ்வமிலத்தை நாயின் சிறுநீரகம் நம்முடையதைப் போல் எளிதில் வெளியேற்ற இயலாது என்று கருதப்படுகிறது.

பழத்தின் வகைக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அமிலத்தின் அளவு மாறும். நாய்க்கு நாய் தாங்கும் சக்தியும் மாறும். ஆகவேதான், ஆண்டுக் கணக்கில் உதிர்ந்த பழம் தின்று நலமாக இருக்கும் நாயும் உண்டு. ஒரு நாள் தின்று மாண்டுபோகும் நாயும் உண்டு. ‘இத்தனை பழம் வரையில் தின்னலாம்’ என்று எவராலும் வரம்பு கூற இயலாது.

கூட்டத்தில் சிறிது நேரம் மௌனம் நிலவியது. பின்னர் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, தங்கள் வீட்டிலும் அறுவடைக் காலத்தில் நாய் இவ்வாறே வாந்தி எடுத்து இறந்ததென்றும், பாம்புக் கடி என்றோ எவரோ வைத்த மருந்து என்றோ அப்போது எண்ணியதாகவும் கூறினர்.

அதன் பின் மைத்துனர் எழுந்தார். “கோழிக்காக ஏசியது உண்மை. கொல்ல வேண்டும் என்று நினைத்ததில்லை. இராத்திரி என் பந்தலுக்கும் அதுதானே காவல்! அது போனபின் இரண்டு முறை பன்றி இறங்கிவிட்டது. அதை வெளியே சொன்னால் யார் நம்புவார்கள் என்றுதான் பேசாமல் இருந்தேன்” என்றார். சொல்லிவிட்டு மேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். செவலையின் சொந்தக்காரர் பதில் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சென்று அவர் பக்கத்தில் அமர்ந்தார். மறுநாள் இருவரும் சேர்ந்தே மோட்டாரைப் பழுது பார்க்க எடுத்துச் சென்றார்கள். அன்று மாலை மைத்துனர் வந்து, “அத்தை” என்று அழைத்துக்கொண்டு பாட்டியாரின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாராம். நெடுநேரம் இருவரும் செவலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்களாம்.

அங்கத்தினர் செய்ய வேண்டுவன

திராட்சை பயிரிடுவோர் கழித்த பழத்தைக் குவித்து வைக்கலாகாது. குப்பைக் குழியில் இட்டு அன்றன்றே மண்ணால் மூடிவிட வேண்டும். நல்ல உரமும் ஆகும். அறுவடை நாளன்று, வேலை தொடங்கும் முன்னரே நாய்க்கு வயிறார உணவிட்டு, பழம் குவியும் இடத்திற்கு அப்பால் நிழலில் கட்டிவிடுவது நலம்.

திராட்சைத் தோட்டம் இல்லாத அங்கத்தினரும் இதை அறிந்திருக்க வேண்டும். தெருவில் பாவு நீட்டிப் பணி செய்யும் நெசவாளர் வீடுகளில், பாவின்மேல் கால் வைக்காமல் சுற்றிச் செல்லப் பழகிய நாயைக் காணாதவர் யார்? அந்த நாய்க்கும் பாயசத்தில் மிஞ்சிய உலர்ந்த திராட்சையைக் குழந்தைகள் அன்புடன் ஊட்டக்கூடும். உலர்ந்த பழத்தில் நீர் வற்றியிருப்பதால் தீங்கு இன்னும் மிகுதி. புளியுருண்டையும் புளி கரைத்த சக்கையும் நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

நாய் திராட்சையைத் தின்றது தெரிந்தால், நோய்க்குறி தோன்றும் வரையில் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். முதல் இரண்டு மணி நேரத்திற்குள் வாந்தி எடுக்கச் செய்ய அவரால் இயலும். உப்புக் கரைசலை வீட்டிலேயே புகட்டுவது ஆபத்து. வாந்தி, உணவில் வெறுப்பு, சோர்வு, மிகுந்த தாகம், பின் சிறுநீர் குறைதல் ஆகியவை அடுத்தடுத்து வரும் குறிகள். சிறுநீர் நின்றபின் பிழைப்பது அரிது. எந்தக் காரணத்தால் நாய் இறந்தாலும், மருத்துவரைக் கேளாமல் அண்டை அயலார்மேல் பழி சுமத்தாதீர்கள்.

இன்னொன்றும் கூற விரும்புகிறோம். நாயை இழந்த வீட்டில் குழந்தை அழுதால், ‘நாய்தானே, வேறொன்று வாங்கலாம்’ என்று அடக்கிவிட வேண்டாம். பயிரில் நட்டம் வந்தால் பரிவுடன் விசாரிக்கும் நாம், இந்த நட்டத்தையும் இரண்டு வார்த்தை கேட்டு ஆற்றுதல் தகும்.

அண்மையில் அத்தோட்டத்தில் மீண்டும் அறுவடை நடந்தது. கழித்த பழத்திற்கென்று இரு தோட்டங்களுக்கும் பொதுவாக, எல்லையில் ஒரு குழி வெட்டியிருக்கிறார்கள். மைத்துனர் கோம்பையிலிருந்து வாங்கி வந்த குட்டி ஒன்று தொழுவத்தருகே கட்டப்பட்டிருந்தது. அதற்கு என்ன பெயர் என்று சிறுமியைக் கேட்டோம். இன்னும் வைக்கவில்லை என்றாள். அவசரமில்லை. முதல் கவளம் மட்டும் அதற்குக் கிடைத்து வருகிறது.